இரும்புக்குப் போட்ட பைபர்

சிவாஜினி ஜீப்பை ஓட்டியதால்தான் அது உடைந்தது என்று இறக்கக்கண்டியில் இன்னும் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால், அது பொய். அன்று அந்த ஜீப்பின் பின்பக்கத்தில் இருந்தவள் நான். அவளுடைய தாய் அன்னலட்சுமி என் கைக்குள்தான் கிடந்தார். எனக்குத் தெரியும்.

சிவாஜினிக்கு நாற்பது தாண்டிவிட்டது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அவள் அங்கே இருக்கும்போதே புருஷன் இங்கே வேறு இடம் பார்த்துக்கொண்டான். அந்தக் கதை அவளுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். திரும்பி வந்தபோது தகப்பன் இறந்து, அவருடைய ஜீப் தென்னைக்குக் கீழே நின்றது. சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்கு வந்த ஏதோ ஒரு நிறுவனம் விற்றுவிட்டுப் போன பழைய ஜீப் அது. கதவில் அவர்களுடைய சின்னத்தைச் சுரண்டிய அடையாளம் இன்னும் இருக்கிறது.

அந்த ஜீப்புக்கு எங்கள் கரையில் ஒரு வேலை உண்டு. தொழிலுக்குப் போன பைபர் வள்ளங்கள் காலையில் கரைக்கு வரும். ஜீப்பைப் பின்னுக்கு விட்டு, பின்சில்லு கடலுக்குள் இறங்கும்வரை கொண்டுபோய், வள்ளத்தின் மூக்கில், அணியத்தில், கயிற்றைக் கொளுவி மணலுக்கு இழுத்து எடுக்க வேண்டும். தகப்பன் செய்த வேலை. தம்பி துவாரகனுக்கு அதில் மனமில்லை. அவன் வள்ளம் திருத்துகிறவன். உடைந்த பைபர் வள்ளத்துக்குக் கண்ணாடி நார்ப் பாயை வைத்து, ரெசின் பூசி, அடியை மூடிக் கொடுப்பான். நல்ல வேலைக்காரன், அதை நான் மறுக்கவில்லை. ஆகவே ஜீப்பின் திறப்பைச் சிவாஜினி எடுத்தாள். லைசன்ஸும் எடுத்தாள். முதல் வருடம் ஆம்பிளைகள் நின்று சிரித்தார்கள். இரண்டாம் வருடம், அவள் வரப் பிந்தினால் கடலில் நின்று கத்தினார்கள்.

பிறகு அன்னலட்சுமிக்கு வாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. அவரைப் பார்க்க என்னை எடுத்தார்கள். நான் பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள், தாதி இல்லை. எத்தனை தரம் சொன்னாலும் ஊர் என்னை மிஸி என்றுதான் கூப்பிடுகிறது. கிளினிக் நாளில் ஜீப்பின் பின்பக்கத்தில் மெத்தை போட்டு அன்னலட்சுமியைக் கிடத்தி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். ஓட்டோவில் அவரைக் கிடத்த ஏலாது. பஸ்ஸைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. அந்த ஜீப் இல்லாவிட்டால் சிவாஜினிக்கு உழைப்பும் இல்லை, தாய்க்கு வைத்தியமும் இல்லை. இதை ஊரில் எல்லோரும் அறிவார்கள்.

அன்று கிளினிக்குக்குப் போகும் வழி. சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் தார் பெயர்ந்து ஒரு பள்ளம். சிவாஜினி அதைக் கண்டு, வேகத்தைக் குறைத்து, மெதுவாகத்தான் இறக்கினாள். காய்ந்த மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஜீப்பின் வலது பின்பக்கம் அப்படியே கீழே உட்கார்ந்தது. டயர் தகரத்தில் உரசிப் புகைந்தது. அன்னலட்சுமி உருள, நான் முழங்காலை முட்டுக் கொடுத்துப் பிடித்தேன். அவர் கத்த முடியாதவர். கண் மட்டும் என்னைப் பார்த்தது.

சிவாஜினி பதறவில்லை. நிறுத்தி, இறங்கி, சில்லுக்குக் கல் வைத்து, பின்கதவைத் திறந்து முதலில் தாயைப் பார்த்தாள். அதற்குள் ரோட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கையில் சோற்றுப் பார்சலோடு ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "பொம்பிளை ஓடினா இப்பிடித்தான்" என்றார். "லைசன்ஸ் இருக்கோ?"

"இருக்கு. உங்களிட்ட இருக்கோ?"

அவரிடம் இல்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு மீன் வான்காரர் பெட்டிகளை ஒதுக்கி, எங்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். இதுதான் நடந்தது.

துவாரகன் மோட்டர்சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு வந்தான். தாயின் காலடியில் நின்றுகொண்டு முதலில் கேட்டது:

"அக்கா, பள்ளத்தைப் பாக்கேல்லையோ?"

"பாத்தனான். மெல்லத்தான் இறக்கினனான்."

"மெல்ல இறக்கினா உடையாதே."

நாள் முழுக்க உடைந்த சாமான்களோடு இருக்கிறவன் அவன். வரும் வழியில் ரோட்டோரம் நின்ற ஜீப்பைக் கடந்துதான் வந்திருக்கிறான். என்ன உடைந்தது என்று குனிந்து பார்க்கவில்லை. அது எனக்கு அப்போதே முள்ளாகக் குத்தியது.

பின்னேரம் நாங்கள் வீட்டுக்கு வரும் முன்னரே கரையெல்லாம் கதை போய்விட்டது. சிவாஜினி ஜீப்பைப் பள்ளத்தில் விட்டு முறித்துப்போட்டாளாம். நோயாளித் தாயோடு பறந்து போனாளாம். ஒரு மாமி வந்து, வெருகல் முருகன்தான் காப்பாற்றினது, நேர்த்தி வையுங்கோ என்றார். நேர்த்தியை வையுங்கோ, ஆனால் மெத்தைக்குப் பக்கத்தில் நின்று அழாதேயுங்கோ, அவருக்குப் பிரஷர் ஏறும் என்று சொல்லி அவரை வெளியே அனுப்பினேன்.

அடுத்து குணரத்தினம் சம்மாட்டி வந்தார். கரையில் அதிக வள்ளம் உள்ளவர் அவர்தான். ஜீப்புக்கு அதிக வேலை கொடுப்பவரும் அவர்தான். கதிரையில் சாய்ந்திருந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்:

"அம்மாவைப் பாக்கிறது பெரிய வேலை, பிள்ளை. நீ அதைப் பார். ஜீப்பைத் திருத்தி எடுப்பம். ஓட நிலாவெளியில ஒரு பெடியன் இருக்கிறான், அவனைப் போடுவம்."

"அம்மாவைப் பாக்க மிஸி இருக்கிறா. ஜீப் ஓட நான் இருக்கிறன்."

"கோபிக்காதை. உன்ர நன்மைக்குத்தான். துவாரகனும் அதைத்தான் சொல்லுறான்."

துவாரகன் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். நிலத்தைப் பார்த்தான்.

அவர்கள் போன பிறகு சிவாஜினி குசினிக்குள் நின்று என்னிடம் கேட்டாள்: "மிஸி, நான் வேகமா விட்டனானோ?" இத்தனை காலம் கடலுக்குள் வண்டி இறக்கி ஏற்றியவள், தன் கையை நம்பாமல் என்னைக் கேட்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கோப்பையைக் கழுவுதொட்டிக்குள் போட்டேன். "இல்லை" என்றேன். "நான் பின்னால இருந்தனான். நீ நடந்து போற வேகத்திலதான் இறக்கினனீ."

ஜீப்பைச் சாம்பல்தீவில் ஸெய்னுதீனின் கராஜுக்கு இழுத்துப் போயிருந்தார்கள். கிண்ணியாக்காரர். லொறி, டிராக்டர், பாரமான வண்டிகளுக்கு வெல்டிங் செய்பவர். மறுநாள் அன்னலட்சுமியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் விட்டுவிட்டு நானும் சிவாஜினியோடு போனேன். ஜீப்பின் பின்பக்கத்தை மரக்குற்றிகளில் ஏற்றி வைத்திருந்தார்.

இந்த மாதிரி வண்டிக்கு அடியில் முன்னிருந்து பின்வரை இரண்டு நீளப் பெட்டிச் சட்டங்கள் ஓடும். கராஜில் அதைச் செசி என்பார்கள். எஞ்சின், ஆசனம், ஆட்கள், எல்லாப் பாரமும் அதன்மேல். ஸெய்னுதீன் சுத்தியலால் முன்னிருந்து தட்டிக்கொண்டு வந்தார். ணங், ணங் என்று கேட்டது. பின்சில்லின் அதிர்வைத் தாங்கும் வில்லுத்தட்டைப் பூட்டுகிற இடத்துக்கு வந்ததும் சத்தம் செத்துப்போனது. பிளாஸ்டிக் வாளியில் தட்டுகிற மாதிரி.

அவர் ஸ்குரூட்ரைவரை வைத்துக் கறுப்புப் பெயின்டைக் கிளப்பினார். உள்ளே வெள்ளை நார்.

"இது என்ன புள்ள? வண்டியா, வள்ளமா?"

சிவாஜினி குனிந்தாள். நாரின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். சட்டத்தின் வடிவத்திலேயே ஒரு கோது கழன்று வந்தது. அதற்குப் பின்னால் துருவும் ஈரமணலும் கொட்டின. சட்டம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

"தண்ணி போக அடியில ஓட்டை வெச்சிருப்பான் கொம்பனிக்காரன்," என்றார் ஸெய்னுதீன். "அதையும் சேத்து மூடிரிக்கி. உப்புத்தண்ணி உள்ளுக்க போயிட்டு வெளிய வர வழியில்ல. உள்ளுக்கயிருந்து தின்டிரிக்கி. இதச் சும்மா விட்டிருந்தாக்கூட இன்னும் கொஞ்சக் காலம் கிடந்திருக்கும்."

சிவாஜினி ஒரு பழைய டயரில் உட்கார்ந்தாள். போன வருடம் அடியில் துரு உதிர்வதைக் கண்டு, ஜீப்பைத் துவாரகனிடம் கொடுத்து, கொண்டுபோய் வெல்ட் பண்ணு என்று அனுப்பியது அவள்தான். அவன் கறுப்புப் பெயின்ட் பளபளக்கக் கொண்டுவந்து, "வெல்ட் பண்ணியாச்சு அக்கா, புதுசு மாதிரி" என்று திறப்பைக் கொடுத்தான். அந்தச் சட்டத்துக்கு மேல்தான் வருடம் முழுக்கத் தாயைக் கிடத்தினோம்.

அவள் போனை எடுத்தாள். "ஸெய்னுதீன் நானாவின்ர கராஜுக்கு வா. இப்ப வா."

அவன் வந்தான். நிலத்தில் கிடந்த கோதைக் கண்டதும் ஹெல்மட்டைக் கழற்ற மறந்து நின்றான்.

"இது ஆர்ர வேலை?"

"அக்கா, கேள். இங்க வந்தனான். நானாவின்ர வாசல்ல லொறி நிறைய நிண்டது. ஒரு மாதம் நிக்கவேணும் எண்டு சொல்லிச்சினம். தொழில் நேரத்தில ஒரு மாதம் ஜீப் நிண்டா நீ என்ன செய்வாய்? அதுதான் நானே..."

"நீயே பைபர் போட்டனீ."

"சும்மா போடேல்லை. மூண்டு பாய் போட்டனான். அலை அடிக்க அடிக்க ஆக்களைச் சுமக்கிற சாமான் அக்கா அது! கடல் தாங்குது, ரோட்டு தாங்காதோ?"

அவன் பொய்க்கு அப்படிச் சொல்லவில்லை. அதுதான் விஷயம். அவன் பைபரை நம்புகிறவன். அவர்களுடைய வீட்டில் தண்ணீர்த் தாங்கி, கக்கூஸ் கதவு, அன்னலட்சுமியின் கொமட் கதிரையின் கால், எல்லாவற்றிலும் அவனுடைய பைபர் ஒட்டு இருக்கிறது. எதுவும் இன்றுவரை கழன்றதில்லை. துருப்பிடித்த இரும்பைக் கண்டதும் அவனுக்கு அது ஓட்டை விழுந்த வள்ளமாகத் தெரிந்திருக்கிறது.

"வள்ளத்துக்கு நல்லம் தம்பி," என்றார் ஸெய்னுதீன். "வள்ளத்தத் தண்ணி கீழயிருந்து ஏந்துது. இத ஆர் ஏந்துற? வில்லுத்தட்டு பூட்டின இந்த ஒரு இடம்தான் முழுப் பாரத்தையும் தாங்குது."

என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. "பைபர் போட்டது உன்ர மடத்தனம். அதை விடு. வெல்ட் பண்ணினது எண்டு ஏன் சொன்னனீ? நேற்று ஆஸ்பத்திரியில, தெரிஞ்சுகொண்டுதானே பள்ளத்தைப் பாக்கேல்லையோ எண்டு கேட்டனீ?"

சிவாஜினி எழும்பினாள். அவள் கையோங்குவாள் என்று நினைத்தேன். ஓங்கியிருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன்.

ஸெய்னுதீன் இடையில் வந்தார். "சண்டைய வெளிய வெச்சிக் கொள்ளுங்க. எனக்கு வேல இரிக்கி. ஆனா இந்த நார் இரிக்கும்வர நான் நெருப்புப் புடிக்க மாட்டன். ரெசின் பத்தும், அந்தப் புகையக் குடிச்சா நெஞ்சு போயிரும். இத முழுசாச் சுரண்டி எடுக்கணும். அது என்ட வேல இல்ல."

"போட்டவன் கழட்டட்டும்," என்றாள் சிவாஜினி.

போட்டவன் கழற்றினான். ஜீப்புக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, உளியாலும் கிரைண்டராலும் அவன் தன் கைவேலையை உரித்தான். கண்ணாடி நார்த் தூள் கழுத்துக்குள் இறங்கி உடம்பெல்லாம் தடித்தது. சிவாஜினி அந்த டயரிலேயே இருந்தாள். எழும்பிப் போகவும் இல்லை, தண்ணீர் கொடுக்கவும் இல்லை.

"அக்கா, சொறியுது."

"சொறி."

"மூக்குக்குள்ள போகுது அக்கா."

"அம்மாவுக்குச் சொறிஞ்சா சொல்லவும் ஏலாது. நீ சொல்லுறாய்தானே. நல்லாயிருக்கிறாய். சுரண்டு."

கடைசிப் பாயை உரித்தபோது அவனுடைய கை மணிக்கட்டுவரை சட்டத்துக்குள் போனது. வெளியே எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு வெளியே வந்து, எழும்பாமல், ஜீப்பின் நிழலிலேயே இருந்தான்.

"அக்கா, ஊரில சொல்லவேண்டாம்."

ஆக அதுதான். அவனே விளக்கினான்: "துவாரகன் போட்ட பைபர் விட்டிட்டுது எண்டு கேள்விப்பட்டா ஒரு வள்ளமும் என்னட்ட வராது. குணரத்தினம் சம்மாட்டியின்ர நாலு வள்ளத்துக்கும் அடி போட்டவன் நான். சனம் வள்ளம் எண்டும் ஜீப் எண்டும் பிரிச்சுப் பாக்காது."

"என்ர பேர் போகலாம். உன்ர பேர் போகக்கூடாது." என்றாள் சிவாஜினி.

"உனக்கு அம்மா இருக்கிறா, வீட்டில இரு. நான் உழைச்சுத் தாறன்."

அந்த இடத்தில் சிவாஜினி சத்தம் போட்டாள். கராஜில் மற்றப் பக்கம் லொறிக்கு அடியில் கிடந்தவரும் தலையை வெளியே நீட்டினார். "நீ தந்து நான் தின்னவோ? நான் பள்ளத்தில விட்டனான் எண்டு சம்மாட்டி சொல்லேக்க, கதவில சாய்ஞ்சு நிண்டனீ! இப்ப கேள். கரையில, அந்த ஆக்களுக்கு முன்னால, நீ என்ன செய்தனீ எண்டு உன்ர வாயால சொல்லவேணும். நான் சொல்லமாட்டன். நான் சொன்னா, பொம்பிளை தப்பப் பாக்கிறாள் எண்டுவாங்கள். நீ சொல்லவேணும்."

அவன் மோட்டர்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வேலை நடந்தது. ஸெய்னுதீன் பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூர வைத்தார். பற்றரி வயரைக் கழற்றினார். துருப்பிடித்த பகுதியை வெட்டினார். நல்ல இரும்பு வரும்வரை, சுத்தியல் திரும்பவும் ணங் என்று சொல்லும்வரை, பின்னுக்குப் பின்னுக்கு வெட்டிக்கொண்டே போனார். தடித்த தகட்டை மடித்துப் பெட்டியாக்கி, இரண்டு நுனியிலும் பொட்டுப் பொட்டாகப் பிடித்து வைத்துவிட்டு, மூலைக்கு மூலை நூல் பிடித்துக் கோணல் பார்த்தார். நேரானபிறகுதான் முழுதாக வெல்ட் பண்ணினார். பெட்டியை மூடும் முன் சிவாஜினி கை காட்டி நிறுத்தி, டோர்ச் அடித்து உள்ளே பார்த்தாள். "அடியில ஓட்டை வையுங்கோ நானா. பெரிசா." அவர் வைத்தார். இந்த முறை ஒருவர் சொன்னதை அவள் சும்மா நம்புவதாக இல்லை. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

ஜீப் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, கடலிலிருந்து பலத்த காற்று. கடல் குழம்பிக் கிடந்தது. இத்தனை நாளும் ஆட்கள் தோளால் தள்ளியும், இரவல் டிராக்டரால் இழுத்தும் சலித்துப்போயிருந்தார்கள். ஜீப் வருவதைக் கண்டதும் கை தட்டினார்கள். அன்னலட்சுமியைக் குளிப்பாட்டி முடித்துவிட்டு நான் வேலியோடு நின்று பார்த்தேன்.

சிவாஜினி பின்னுக்கு விட்டுக்கொண்டு போய், ஈரமணல் தொடங்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்தினாள். எஞ்சின் ஓடியது. புதிய நீளக் கயிறு அவளுடைய மடியில் இருந்தது. கரையில் குணரத்தினம் சம்மாட்டி நின்றார். அவருக்குப் பக்கத்தில் மீசை வைத்த ஒருவன், வெயில் கண்ணாடியும் சப்பாத்துமாக. நிலாவெளிப் பெடியன்.

"பிள்ளை, இறங்கு. இவன் ஓடட்டும்," என்றார் சம்மாட்டி.

சிவாஜினி இறங்கவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. மற்றவர்களோடு தோள் கொடுக்க வந்து, வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்ற துவாரகனைப் பார்த்தாள்.

"துவாரகன்!"

"கயிறைத் தா அக்கா, வள்ளம் அடிபடுது!"

"அடிபடட்டும். உன்ர வாயில ஒரு கதை இருக்கு. அது வந்த பிறகு கயிறு."

அலை வந்து வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவளையும் அவனையும் மாறி மாறித் தூஷணத்தில் திட்டினார்கள். சம்மாட்டியின் புது எஞ்சின் அந்த வள்ளத்தில் இருந்தது. "என்னடா கதை? சொல்லித் துலையன்!" என்று அவர் கத்தினார்.

துவாரகன் முதலில் முணுமுணுத்தான். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்கேல்லை," என்றாள் சிவாஜினி. "நான் பள்ளத்தில விட்டனான் எண்டு சொல்லேக்க நல்லாக் கேட்டதே!"

"ஜீப்புக்குப் பைபர் போட்டனான்!" அவன் கத்தினான். "செசி உக்கிப்போயிருந்தது. வெல்ட் பண்ணினது எண்டு அக்காவுக்குப் பொய் சொன்னனான். அதுதான் முறிஞ்சது. அவ வேகமா விடேல்லை!"

வள்ளத்தின் மற்றப் பக்கத்தில் நின்ற ஒருவன், "உன்ர மோட்டர்சைக்கிளையும் நாரால சுத்தியிருக்கிறியோடா?" என்று கேட்க, தண்ணீரில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

சம்மாட்டி சிரிக்கவில்லை. "அப்ப என்ர வள்ளங்களின்ர அடி?"

"வள்ளத்துக்கு அவன்ர வேலை திறம்," என்றாள் சிவாஜினி, அவன் வாய் திறக்கும் முன். "வள்ளத்துக்கு மட்டும்."

சம்மாட்டி செருமினார். கடலைப் பார்த்தார். "சரி சரி. கயிறைத் தா, பிள்ளை."

"ஓட ஒரு பெடியன் வந்து நிக்கிறார்."

"எந்தப் பெடியன்?"

"உங்களுக்குப் பக்கத்தில நிக்கிற பெடியன். அவரைப் போகச் சொல்லுங்கோ. பிறகு தாறன்."

அவர் சொன்னார். குரல் ஏறவில்லை, ஆனால் சொன்னார். பெடியன் சப்பாத்தில் மணல் ஏற நடந்து போனான். பாவம், அவனில் பிழை இல்லை.

அப்போதுதான் அவள் கயிற்றை எறிந்தாள். "இனிச் சில்லு உப்புத்தண்ணிக்குள்ள இறங்காது. நீளக் கயிறு. நடந்து வந்து கட்டுங்கோ. விருப்பமில்லாதவை தோளால தள்ளலாம்." ஒருவரும் தோளால் தள்ள வரவில்லை. துவாரகன் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் திரும்பிப் போனான். அவள் கியரைப் போட்டாள். கயிறு விறைத்தது, வள்ளம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மணலுக்கு ஏறியது. ஜீப்பில் ஒரு முனகலும் இல்லை.

ஒருவரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பள்ளத்தின் கதையைப் பரப்பியவர்கள் இப்போது பைபர்க் கதையைப் பரப்புகிறார்கள், அதே உற்சாகத்தோடு. துவாரகனிடம் வள்ளங்கள் வருகின்றன, முன்னரைவிடக் குறைவு. அவன் அதற்கு அக்காவை நோகிறான் என்று கேள்வி. நோகட்டும்.

அடுத்த கிளினிக் நாளன்று, நானும் சிவாஜினியும் தாயை விரிப்போடு தூக்கி ஜீப்பில் ஏற்றும்போது துவாரகன் ஒழுங்கையில் வந்து நின்றான். காலைப் பிடிக்க வந்தவன், அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டான்.

"நானும் வரட்டோ அக்கா?"

அவள் மெத்தையின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள்.

"வா. முன்னால இல்லை. பின்னால ஏறு. வலது பக்க மூலையில, அம்மாவின்ர தலைமாட்டில இரு. பள்ளம் வந்தா நீ பிடி."

அவன் ஏறி இருந்தான். சாம்பல்தீவுப் பாலம் வருவதற்குக் கனதூரம் முன்னரே இரண்டு கையாலும் தாயைப் பிடித்துக்கொண்டான்.